டாட் காம் அல்லாத டொமைன்களின் மறுவிற்பனை மதிப்பை எப்படிக் கணிப்பது? 14 பெயர்கள், அடுத்த மாதம் ரின்யூவல்

ஓலைநறுக்கு (கேள்வி)

மூன்று வருடம் முன்பு ஒரு வேகத்தில் 14 டொமைன்கள் வாங்கிப் போட்டேன். 6 டாட் ஐஓ, 5 டாட் எக்ஸ்ஒய்இசட், 3 டாட் ஆன்லைன். எல்லாம் ஆங்கிலச் சொற்கள், சில ஒற்றைச் சொல், சில இரண்டு சொல் சேர்ந்தவை. இலவச மதிப்பீட்டுக் கருவி ஒன்று ஒரு பெயருக்கு 2,300 டாலர் என்கிறது, இன்னொரு கருவி அதே பெயருக்கு 140 என்கிறது. எதை நம்புவது? இதுவரை விசாரித்து வந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர், இரண்டுமே டாட் ஐஓ பெயர்களுக்கு. எல்லாவற்றையும் புதுப்பிக்க 560 டாலர் ஆகும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஒரு வழி வேண்டும். டாட் காமுக்குச் சொல்லும் கணக்கு இதற்கும் பொருந்துமா?

நெடுஞ்சாலை

அந்தக் கருவிகளை மூடிவிடுங்கள். அவை சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், பழைய விற்பனை என்ன என்று பார்த்து ஒரு எண்ணைத் தரும், உங்கள் பெயரை இன்று வாங்க ஆள் இருக்கிறாரா என்பது அவற்றுக்குத் தெரியாது.

முதலில் செலவிலிருந்து தொடங்குங்கள். நூறு பெயர் வைத்திருந்தால் வருடத்துக்கு ஒன்று விற்கும் என்று வைத்துக்கொள்வோம், மாற்று எக்ஸ்டென்ஷனுக்கு (டாட் காம் அல்லாத டாட் ஐஓ, டாட் ஆன்லைன் போன்ற பின்னொட்டுக்கு) இதுவே தாராளமான கணக்கு. அப்படியானால் உங்கள் 14-இல் ஒன்று விற்க ஏழு வருடம் ஆகும். ஏழு வருடத்துக்கு 3,920 டாலர் கட்டியிருப்பீர்கள். விற்பனைத் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொண்டால், அந்த ஒரு பெயர் சுமார் 4,600 டாலருக்குப் போனால்தான் போட்ட பணம் திரும்பும், லாபம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு பெயரையும் எடுத்து, இதற்கு ஒருவர் 4,600 தருவாரா என்று கேட்டுப் பாருங்கள், பாதி அங்கேயே கழிந்துவிடும்.

இன்னொன்று, ரின்யூவல் விலையைப் பெயர் பெயராகச் சரிபாருங்கள். புதிய எக்ஸ்டென்ஷன்களில் சில பெயர்களை ரிஜிஸ்ட்ரி (அந்த எக்ஸ்டென்ஷனை நடத்தும் நிறுவனம்) பிரீமியம் என்று பிரித்து வைத்திருக்கும், அவற்றில் பலவற்றுக்கு ஒவ்வொரு வருடமும் அந்தப் பெரிய தொகையைக் கட்ட வேண்டும். வாங்குபவரும் அதைக் கட்ட வேண்டும் என்பதால் உங்கள் விலை தானாக இறங்கும். டாட் காமுக்கு ரிஜிஸ்ட்ரி வாங்கும் மொத்த விற்பனை விலைக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டு, புதியவற்றுக்குக் கிடையாது. 2017-இல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற ரிஜிஸ்ட்ரி தன் எக்ஸ்டென்ஷன்கள் பலவற்றின் விலையைப் பல மடங்கு ஏற்றியது, அப்போது நிறையப் பேர் கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள்.

தெருவிளக்கு

செலவுக் கணக்கு சரி, ஆனால் எல்லாப் பெயருக்கும் ஒரே வாய்ப்பு என்று வைப்பதை நான் ஏற்க மாட்டேன். எனக்கு உதவுவது வேறு இரண்டு சோதனைகள்.

ஒன்று, புள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். 2018-இல் வெகேஷன் டாட் ரென்டல்ஸ் 5,00,300 டாலருக்குப் போனது, இரண்டும் சேர்ந்து அந்தத் தொழிலின் பெயராகவே இருப்பதுதான் காரணம். அதே ரென்டல்ஸுக்கு முன்னால் வேறொரு நல்ல சொல்லைப் போட்டால் ஒன்றுமில்லாமல் போகலாம். இந்தப் பெரிய விற்பனைகளைப் பார்த்து உங்கள் பெயருக்கு விலை வைக்காதீர்கள், இப்படிப்பட்ட பல பெயர்களை ரிஜிஸ்ட்ரியே கையில் வைத்திருந்து விற்கிறது. டொமைன் விற்பனைகளைத் தொகுக்கும் நேம்பயோ தளத்தில் பழைய விற்பனைகளைத் தேடும்போதும் ஒன்றை மறக்காதீர்கள், அங்கே விற்றவை மட்டும்தான் இருக்கும், விற்காமல் காலாவதியானவை கண்ணில் படவே படாது.

இரண்டாவதுதான் முக்கியம். அதே சொல்லின் டாட் காமைத் திறந்து பாருங்கள். அது 3,000 டாலர் என்று விலைப் பலகையோடு சும்மா கிடந்தால், உங்களிடம் வருபவர் அதைத்தான் வாங்குவார், உங்கள் பெயருக்கு அந்த விலையே கூரை. டாட் காமில் பெரிய நிறுவனம் உட்கார்ந்து விற்கவே மாட்டேன் என்றால், அந்தச் சொல்லை விரும்பும் சின்ன நிறுவனங்கள் மாற்று எக்ஸ்டென்ஷனுக்குத்தான் வந்தாக வேண்டும். நான் விற்ற ஒரே நல்ல டாட் ஐஓ அப்படித்தான் போனது, 1,800 டாலர். ஆனால் அந்தச் சொல் பொதுச் சொல்லாக இருக்க வேண்டும். அந்த நிறுவனம் புனைந்த பெயராக இருந்தால் டிரேட்மார்க் வழக்கு வரும், டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்கும் யுடிஆர்பி நடைமுறை 1999 முதல் இருக்கிறது, பெயர் கையை விட்டே போய்விடும்.

கடைசி மைல்

டாட் ஐஓ பற்றி யாரும் சொல்லவில்லையே. அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் நாட்டுக் குறியீடு. அந்தத் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்குக் கொடுப்பதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்தது, 2025 மே மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆனது. நாட்டுக் குறியீடுகளின் ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து ஒரு குறியீடு நீங்கினால் ஐந்து வருட அவகாசம் தந்து, அதிகபட்சம் பத்து வருடம் வரை நீட்டித்து, எக்ஸ்டென்ஷனை மூடுவது டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேனின் விதி. இந்த விதிக்கு முன்பே, யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு 2010-இல் மூடப்பட்டது. மறுபக்கம், சோவியத் யூனியனே இல்லாமல் போன பிறகும் டாட் எஸ்யு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். ஆனால் பத்து வருடம் வைத்திருக்கும் முதலீடாக நினைக்க வேண்டாம், வாங்குபவர் இதைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆமாம், உங்கள் பெயர்களை உலாவியில் திறந்தால் இப்போது என்ன வருகிறது?

ஓலைநறுக்கு

எல்லோருக்கும் நன்றி. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எக்ஸ்ஒய்இசட் ஐந்தையும் விடுகிறேன், அதில் மூன்றின் டாட் காம் 1,000 டாலருக்குக் கீழே கிடைக்கிறது. ஆன்லைனில் சேர்த்துப் படித்தால் பொருள் வருவது ஒன்றுதான், அதை மட்டும் வைக்கிறேன். ஐஓவில் விசாரிப்பு வந்த இரண்டும், டாட் காம் பெரிய நிறுவனத்திடம் இருக்கும் இன்னொரு பொதுச் சொல்லும்.

உலாவியில் திறந்தால் பிழைப் பக்கம்தான் வருகிறது, நான் எதையும் அமைக்கவே இல்லை. விலை போட்டு வைப்பதா, 'விலை கேளுங்கள்' என்று விடுவதா?

கடைசி மைல்

பிழைப் பக்கத்தையும் மீறி இரண்டு பேர் உங்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால், அந்த இரண்டும் உங்கள் பட்டியலிலேயே நல்ல பெயர்கள். விலை போடுங்கள். மாற்று எக்ஸ்டென்ஷன் தேடி வருபவருக்கு அதே சொல்லில் இன்னும் பத்து எக்ஸ்டென்ஷன் திறந்திருக்கும், பதில் வரும் வரை காத்திருக்க மாட்டார். நான்கையும் ரின்யூ செய்கிற அன்றே விற்பனைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள், அப்புறம் பழைய மின்னஞ்சலைத் தோண்டி அந்த இரண்டு பேருக்கும் விலையோடு இரண்டு வரி எழுதுங்கள்.