ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் 31 சதுர மீட்டர் வீடு: கையிருப்பு 400 யூரோவில் குடித்தனம் வைத்த அனுபவம்

சாவி கைக்கு வந்தது நவம்பர் 2ஆம் தேதி மாலை. அந்த மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டேன், எதுவும் எரியவில்லை. போன் டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தால், கூரையில் மூன்று ஒயர் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சமையலறையில் ஒரு தண்ணீர்க் குழாய், சுவரில் அடுப்புக்கான பெரிய இணைப்புப் பெட்டி. சிங்க் இல்லை, மேடை இல்லை. நம் ஊரில் வாடகை வீடு என்றால் டியூப் லைட்டும் கடப்பா கல் மேடையும் எப்படியும் இருக்கும். ஜெர்மனியில் பல வீடுகளை இப்படி வெறும் சுவராகத்தான் கொடுக்கிறார்கள். முன்பு இருந்தவர் தன் விளக்கு, அடுப்பு, திரைக்கம்பி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

மனைவி வர ஐந்து வாரம் இருந்தது. மூன்று மாத அட்வான்ஸை மொத்தமாகக் கட்டிவிட்டேன், அதனால் மீதம் 400 யூரோதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அட்வான்ஸை மூன்று சம தவணையாகக் கட்டச் சட்டமே இடம் கொடுக்கிறது. முதல் தவணை குடிபுகும்போது, அடுத்த இரண்டும் அடுத்த இரண்டு மாத வாடகையோடு. இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த முதல் மாதம் இவ்வளவு இறுக்கமாக இருந்திருக்காது. புதிதாக வருகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மறுநாள் ஒரு பல்பு, ஒயரோடு ஒரு ஹோல்டர், ஒரு டெஸ்டர், ஒயர் இணைக்கும் சின்ன பிளாஸ்டிக் கனெக்டர், இவ்வளவுதான் வாங்கினேன். ஒயரின் நிறம் இப்படி: பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ஃபியூஸை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் கை வைத்தேன். எங்கள் வீட்டில் ஒயரிங் புதிதாக மாற்றியிருந்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் பழைய அடுக்ககங்களில் அலுமினிய ஒயர் இன்னும் உண்டு. இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடும், நிறமும் வேறு மாதிரி இருக்கும். அப்படிப் பார்த்தால் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பல்பு எரிந்ததும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "பால் காய்ச்சினியாப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. அடுப்பே இல்லையே! பெரிய அடுப்பு வாங்கினால் 400 வோல்ட் இணைப்பு கொடுக்க எலக்ட்ரீஷியன் வேண்டும், அதற்குத் தனிச் செலவு. அதனால் சாதாரண பிளக்கில் வேலை செய்யும் இரட்டைத் தட்டு மின் அடுப்பு ஒன்றைப் பழையதாக 15 யூரோவுக்கு வாங்கினேன். நான்காம் நாள் காலை, தரையில் அட்டை விரித்து, அதன் மேல் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினேன். அந்த அடுப்பு சூடேறவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். அணைத்த பிறகும் பால் பொங்கிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு அது போதும்.

சிங்க் வைத்த அலமாரி, மேசை, இரண்டு நாற்காலி மூன்றையும் பழைய பொருள் விற்க, வாங்க உதவும் கிளைன்அன்சைகன் என்ற இணையதளத்தில் 'இலவசமாகத் தருகிறோம்' பகுதியில் பிடித்தேன். காரைக்குடித் தம்பி ஒருவர் இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறார். "அண்ணே, டிராம்லயே கொண்டு வந்துரலாம்" என்று மேசையை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டார். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்தோம்.

அடுத்து சுவர். எங்கள் கட்டடம் ஃபிரிட்ஸ் ஹெக்கர்ட் குடியிருப்பில் இருக்கிறது, 1974இல் கட்டத் தொடங்கிய பகுதி. ஊருக்கே அப்போது கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று பெயர். தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து நிறுத்திக் கட்டிய வீடுகள். இது தெரியாமல் தம்பியின் பேட்டரி டிரில்லை வைத்து ஜன்னலுக்கு மேலே திரைக்கம்பிக்குத் துளை போடப் பார்த்தேன். இருபது நிமிடம் அழுத்தியும் அரை சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. சூட்டில் பிட்டின் முனை நீலமாகிவிட்டது.

அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டுப் பெரியவர். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இப்போது மணி என்ன தெரியுமா?"

"இரண்டு."

"ஒன்று முதல் மூன்று வரை இங்கே ஓய்வு நேரம். ஞாயிறு முழுக்க டிரில் போடக் கூடாது. வாசலில் ஒட்டியிருக்கும் விதிகளைப் படியுங்கள்." அந்த நீல முனையை உற்றுப் பார்த்தார். "இதை வைத்தா? மூன்று மணிக்கு வருகிறேன்."

சரியாக மூன்று மணிக்கு ஹேமர் டிரில்லோடு வந்தார். அவர் வேலை செய்ததைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் ராவல் பிளக்கை பிட்டோடு சேர்த்துப் பிடித்து அளந்து, அந்த ஆழத்தில் பிட்டின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டினார். அவ்வளவு தூரம் போனால் நிறுத்திவிட வேண்டும். ஒரு பழைய கடித உறையைத் துளைக்குக் கீழே வாய் திறந்தபடி ஒட்டினார். தூசி முழுக்க அதற்குள் விழுந்தது. ஒரு துளைக்குப் பத்து விநாடி. அந்தக் கட்டடத்தில் முதல் நாளிலிருந்து குடியிருக்கிறாராம். எந்தச் சுவருக்குள் ஒயர் எப்படிப் போகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். டிரில்லை என்னிடமே விட்டுவிட்டு, "புதன்கிழமை கொடுத்தால் போதும்" என்றார். நான் வாங்க நினைத்திருந்த ஒரு மெஷின் 90 யூரோ. ஆறு துளைக்காக அதை வாங்கியிருப்பேன். அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை என்பதுதான் வருத்தம்.

பெயின்ட் வேலை ஒரு வார இறுதியில் முடிந்தது. சுவரில் மரத்தூள் கலந்த சொரசொரப்பான காகிதம் ஒட்டியிருக்கும், அதைக் கிழிக்க வேண்டாம், மேலேயே வெள்ளை அடிக்கலாம். 10 லிட்டர் வாளி ஒன்று போதும். ஆணித் துளைகளை டூத்பேஸ்ட்டால் அடைக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். பெயின்டுக்குக் கீழே பழுப்பாகத் தெரியும். பட்டி டியூப் மூன்று யூரோதான்.

மனைவி வந்தாள், வீடு பிடித்திருந்தது. ஆனால் உண்மையான சோதனை ஜனவரியில் வந்தது. வெளிச்சுவரை ஒட்டித் தரையில் மெத்தை போட்டிருந்தோம். ஒரு நாள் நகர்த்திப் பார்த்தால் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கருப்புப் பூஞ்சணம். அவளுக்கு இரண்டு வாரமாக இருமல், காரணம் அதுதானோ என்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. காலையில் சோறு வடிக்கும் ஆவி, ரசம், உள்ளேயே உலர்த்தும் துணி எல்லாம் சேர்ந்து அந்தக் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்திருக்கிறது. இங்கே ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் உள்ளே சாய்த்தும் திறக்கலாம், நான் நாள் முழுக்க அப்படித்தான் வைத்திருந்தேன். அது இன்னும் கெடுதல். காற்று சரியாக மாறாது, ஜன்னலோரச் சுவர்தான் ஜில்லிட்டுப் போகும்.

இங்கே இதற்கு 'ஷ்டோஸ்லுஃப்டென்' என்று ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். ஹீட்டரை மூடிவிட்டு, எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பூஞ்சணம் அரை சதுர மீட்டருக்குள் இருந்தால் நாமே துடைக்கலாம். கையுறை, முகக் கவசம் போட்டு, அடுப்பு எதுவும் எரியாமல் பார்த்துக்கொண்டு, 70–80 சதவீத ஆல்கஹாலால் துடைத்தேன். அதைவிடப் பெரிதாக இருந்தால் வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மெத்தைக்குக் கீழே பழைய மரப் பேலட் (சரக்கு அடுக்கும் மரத் தட்டு) இரண்டு வந்தது. சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போட்டோம். பத்து யூரோவுக்கு ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி அலமாரி மேல் வைத்திருக்கிறோம். 60 சதவீதத்தைத் தாண்டினால் இருவரில் யார் பக்கத்தில் இருக்கிறோமோ அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறப்போம். ரசம் கொதித்து இறக்கியதும் அது 64, 65 என்று ஏறும். இதை எழுதும்போது 52 காட்டுகிறது. அந்தச் சுவரை வாரம் ஒரு முறை மெத்தையை இழுத்துப் பார்த்துவிடுகிறோம்.