பிலிப்பீன்ஸ் வீடுகளின் சிறிய மகிழ்ச்சிகள்: முதன்முறை செல்பவள் எதைத் தவறவிடக் கூடாது?

கேள்வி: மல்லிகைப்பந்தல்

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக என்னோடு ஒரே வார்டில் பணிபுரியும் பிலிப்பீன்ஸ் தோழி, வரும் டிசம்பரில் தம் சொந்த ஊருக்கு என்னையும் அழைத்திருக்கிறார். மணிலாவுக்குத் தெற்கே, லகூனா மாகாணத்தில், ஏழு ஏரிகளுக்குப் பெயர் பெற்ற சான் பாப்லோ அவருடைய ஊர். 14ஆம் தேதி புறப்பட்டுப் பத்து நாள் அவர் வீட்டிலேயே தங்குவதாக ஏற்பாடு.

இணையத்தில் தேடினால் தீவுகளும் கடற்கரைகளுமே வருகின்றன. ஆனால் இரவுப் பணியில் ஊர் நினைவு வரும்போது தோழி கடற்கரையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. விடியற்காலையில் தெருவில் கேட்கும் ஒரு கூவல், காகிதப் பையில் சூடாக வாங்கி வரும் ரொட்டி, மழை நாளில் அம்மா கிண்டித் தரும் கஞ்சி, இவற்றைத்தான் சொல்வார். அந்த மக்கள் தாங்களே நேசிக்கும் அன்றாட மகிழ்ச்சிகள் எவை, முதன்முறையாக அவற்றை எப்படி அணுக வேண்டும் என்று அங்கு வாழ்ந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். நான் சைவ உணவு உண்பவள் என்பதையும் குறிப்பிட்டு விடுகிறேன்.

பதில்: வடக்குமாடவீதி

சகோதரி, உங்கள் தோழி சொன்ன அந்தக் கூவல், தாஹோ என்னும் சோயா இனிப்பைத் தெருவில் விற்று வருபவருடையதாகத்தான் இருக்க வேண்டும். நான் கேசோன் நகரில் பதினோரு ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்தவன். இன்றும் பிலிப்பீன்ஸ் என்றதும் என் காதில் முதலில் ஒலிப்பது 'தாஹோ...ஓ' என்று கடைசி எழுத்தை நீட்டி அவர் எழுப்பும் குரல்தான்.

நம் ஊர்க் காவடியைப் போலத் தோளில் ஒரு கம்பு, அதன் இரு முனையிலும் மூடியிட்ட உலோக வாளிகள். ஒரு வாளியில் அப்போதுதான் செய்த, இளஞ்சூடு ஆறாத, தயிரைவிட மென்மையான சோயாப் பாலாடை இருக்கும். மற்றொன்றில் ஆர்நிபால் எனப்படும் பழுப்புச் சர்க்கரைப் பாகும் ஜவ்வரிசியும் இருக்கும். அவர் வாளியைத் திறந்ததும் அள்ளிவிடுவதில்லை. தட்டையான கரண்டியால் மேலே ஊறி நிற்கும் நீரை முதலில் ஒதுக்கி எறிந்துவிட்டு, பாலாடையை மெல்லிய ஏடு ஏடாகச் சீவிக் குவளையில் அடுக்கி, அதன்மேல் பாகை ஊற்றி, ஜவ்வரிசியைப் போட்டுத் தருவார். அந்தக் கரண்டி வீச்சை என் மகள் ஒரு நாளும் சலிக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிளாஸ்டிக் குவளையில்தான் பெரும்பாலும் கிடைக்கும் என்றாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். குவளை பெரிதாக இருந்தால் அவரும் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுவார். இது முழுக்கச் சைவம் என்பதால் நீங்கள் தயங்காமல் சாப்பிடலாம்.

ரொட்டி என்று அவர் சொன்னது பாண்டேசால். பெயரின் பொருள் உப்பு ரொட்டி என்றாலும் இன்று அது சற்றே இனிப்பாகத்தான் இருக்கிறது. விடிவதற்கு முன்பே பேக்கரிகளில் அடுப்பிலிருந்து இறங்கிவிடும். மேலே ரொட்டித்தூள் ஒட்டியிருக்க, பிய்த்தால் உள்ளிருந்து ஆவி வரும். அதைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். சில கடைகளில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு என்பதால் வாங்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். லகூனாவை அடுத்த பத்தாங்காஸ் மாகாணத்தில் விளையும் பராக்கோ காப்பி கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். கடுமையான மணமும் அழுத்தமான கசப்பும் கொண்டது. நம் டிகிரி காப்பிக்குப் பழகிய நாக்கு அதை உடனே ஏற்றுக்கொள்ளும் என்பது என் அனுபவம்.

மழை நாள் கஞ்சி என்பது சம்பொராடோ. ஒட்டும் அரிசியைக் கொக்கோவோடு சேர்த்துக் குழைய வேகவைத்து, மேலே பால் ஊற்றித் தருவார்கள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்காபுல்கோவுக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில் அங்கிருந்து வந்த கொக்கோ பானம், இங்கே அரிசியோடு சேர்ந்து கஞ்சியாகிவிட்டது. அதற்குத் தொட்டுக்கொள்ள அவர்கள் எடுப்பது பொரித்த கருவாடு. உங்களுக்கு அது வேண்டாம்; ஆனால் இனிப்புக்கும் உப்புக்கும் அவர்கள் வைத்திருக்கும் அந்த இணைப்பை எதிரே உட்கார்ந்து பார்ப்பதே ஓர் இன்பம்.

பதில்: ஆறாம்பருவம்

நான் தெற்குப் பிலிப்பீன்ஸின் தாவா நகரில் மருத்துவம் படிக்கும் மாணவன். அக்கா, ஒரு முறையாவது ஜீப்னியில் ஏறிவிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை விட்டுச் சென்ற ஜீப்புகளிலிருந்து உருவான வண்டி அது. பின்பக்கமாக ஏறி, இரு நீண்ட பெஞ்சுகளில் எதிரெதிராக உட்கார வேண்டும்.

நடத்துநர் இல்லாத வண்டிகளே அதிகம். ஆகவே கடைசியில் இருப்பவர் 'பாயாத் போ' என்று சொல்லிக் காசை நீட்டினால், அதைப் பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் தர, கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போய்ச் சேரும். மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். முதல் நாள் என் கையில் முன்பின் தெரியாதவர் காசை வைத்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதை முன்னால் கொடுத்த பிறகுதான், இந்த ஊரில் நானும் ஒருவன் என்ற எண்ணம் முதன்முதலாக வந்தது. காலை வேளையில் சில்லறை மட்டுமே தருமாறு பல வண்டிகளில் எழுதி வைத்திருப்பார்கள். பெரிய நோட்டைக் கொண்டு போகாதீர்கள்.

இறங்க வேண்டுமானால் இங்கே தாவாவில் 'லுகார் லாங்' என்போம். லகூனாவில் தகாலோக் மொழி பேசுவதால் 'பாரா போ' என்று சொல்லுங்கள். 'போ' என்பது நம் காதுக்கு விரட்டுவதுபோல ஒலித்தாலும், அங்கே அது நம் 'ங்க' போன்ற மரியாதைச் சொல். பெரியவர்களிடம் பேசும்போது அதைச் சேர்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

பதில்: கருங்குயில்

பாலுத் சாப்பிடாமல் பிலிப்பீன்ஸ் போனதாகச் சொல்ல முடியாது என்பார்கள். கருவுற்ற வாத்து முட்டையை இரண்டு வாரத்துக்கு மேல் அடைவைத்து அவித்தது. சைவம் என்றாலும் ஒருமுறை முயன்று பார்க்கலாமே?

பதில்: வடக்குமாடவீதி

நண்பரே, இதில் நான் உடன்பட மாட்டேன். முட்டையின் தலைப்பக்கம் சிறிது உடைத்து, உள்ளிருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சி, பிறகு உப்போ காடியோ சேர்த்து நிதானமாக உண்பது, இரவு வேலை முடித்து வருகிற உழைப்பாளியின் மலிவான, சத்தான உணவு. அதை வெளியூர்க்காரரின் துணிச்சலை அளக்கும் சோதனையாக்குவது அவர்களையும் மதிப்பதாகாது, இவர் கொள்கையையும் மதிப்பதாகாது. மாலை மெரியெண்டா என்னும் சிற்றுண்டி வேளையில் வாழைப்பழத்தையும் பலாச்சுளையையும் மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிச் சர்க்கரை முறுகப் பொரித்த துரோன் இருக்கிறது. சகோதரி அதைச் சாப்பிடட்டும்.

பதில்: நெய்தல்நிலம்

என் கணவர் பிலிப்பீன்ஸ்காரர் என்பதால் ஒன்றிரண்டு சொல்கிறேன். நீங்கள் செல்லும் நாள்கள் மிக நல்லவை. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள்களும் விடியுமுன் சிம்பாங் கபி என்னும் திருப்பலி நடக்கும். வயலுக்குப் போகுமுன் உழவர்கள் வழிபடுவதற்காக ஏற்பட்ட வழக்கம் என்பார்கள். வேறு சமயத்தவராக இருந்தாலும் தோழியோடு எழுந்து போங்கள். இருட்டில் வீட்டுக்கு வீடு பரோல் என்னும் நட்சத்திர விளக்குகள் எரியும்.

முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் புத்தோ பும்போங் விற்பார்கள். ஊதா நிற ஒட்டரிசி மாவை மூங்கில் குழாய்களில் அடைத்து ஆவியில் வேகவைத்து, வாழையிலையில் தட்டி, வெண்ணெயும் தேங்காய்த் துருவலும் கரும்புச் சர்க்கரையும் சேர்த்துத் தருவார்கள். முதன்முறை அதைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. எங்கள் பாட்டி வீட்டுக் குழாய்ப் புட்டு, நிறம் மட்டும் மாறி எதிரே வந்து நின்றது. 'புத்தோ' என்ற பெயரே மலாய் வழியாகச் சென்ற நம் புட்டு என்று பலர் கருதுகிறார்கள்.

வீட்டில் நுழைந்ததும் பாட்டியின் கையை மெல்ல எடுத்து, 'மானோ போ' என்று சொல்லி, புறங்கையை உங்கள் நெற்றியில் வையுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், பயணம் போய் வருகிறவர் கொண்டு வரும் பசலூபோங்குக்காக வீடே காத்திருக்கும். விலை முக்கியமில்லை, ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். திரும்பும்போது லகூனாவின் இளந்தேங்காய் பை ஒன்றை உங்கள் வார்டுக்கு வாங்கி வாருங்கள்.

பதில்: மல்லிகைப்பந்தல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவுப் பணி இடைவேளையில் உங்கள் பதில்களைத் தோழிக்கு ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். தாஹோ வந்ததும் நிறுத்தச் சொன்னார். அவர் வீட்டில் பிடி உடைந்த நீலப் பீங்கான் குவளை ஒன்று இருக்கிறதாம். சிறுவயதில் தாஹோ வாங்க அவர் எடுத்துக்கொண்டு ஓடியது அதைத்தானாம். இன்று காலை பணி முடிந்து வெளியே வரும்போதே, அதை விருந்தாளிக்காகக் கழுவி வைக்கும்படி அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டார்.