ஐந்தாண்டுச் சட்டமா, பி.காம். முடித்து மூன்றாண்டுச் சட்டமா?

கேள்வி – தங்கைக்காக

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தந்தையார் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறார். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த என் தங்கை, வழக்கறிஞராக வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லி வருகிறாள். அரசு சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்புக்கு அவளுடைய மதிப்பெண் எட்டவில்லை. தனியார் கல்லூரியில் சேர்ப்பதென்றால், விடுதிச் செலவோடு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகுமாம். அருகிலுள்ள அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம்., ஆங்கில இலக்கியம் இரண்டிலும் இடம் கிடைக்கிறது. அங்கே பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டம் படித்தால் மொத்தம் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஓராண்டு இழப்பு பெரிதா?

பதில் 1 – நெல்லை வழக்கறிஞர்

தம்பி, ஓராண்டை இழப்பாக எண்ண வேண்டாம். நீதிமன்றத்தில் எவரும், நீங்கள் ஐந்தாண்டுக்காரரா, மூன்றாண்டுக்காரரா என்று கேட்பதில்லை. வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளும் பார் கவுன்சில் பதிவும், தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்தியத் தகுதித் தேர்வும் இருவருக்கும் ஒன்றே. ஆனால் தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். விண்ணப்பிக்கப் பொதுப்பிரிவினருக்கு 45, பட்டியல் வகுப்பினருக்கு 40 விழுக்காடு போதும் என்றாலும், திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி போன்றவற்றில் இடம் பிடிக்க அதற்கு மேல் நன்றாகவே வேண்டும். எனவே முதல் பருவத்திலிருந்தே அரியர் இல்லாமல் படிக்கட்டும். வழக்கறிஞர் பதிவுக் கட்டணத்துக்கும் அஞ்ச வேண்டாம்: சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் (பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கு 125) வாங்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது.

பதில் 2 – வணிகவியல் ஆசிரியை

பி.காம். எடுக்கட்டும் என்பேன். சட்டக் கல்லூரிக்குப் போக இயலாமல் போனாலும் கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைக்கும்; போனால் ஜி.எஸ்.டி., கம்பெனிச் சட்டம் எல்லாம் எளிதாகப் புரியும். புதுமைப் பெண் திட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டிருப்பதால், மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது உதவும்.

பதில் 3 – நெல்லை வழக்கறிஞர்

ஆசிரியை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கணக்கில் தடுமாறும் பெண்ணை பி.காமில் தள்ளி, அவள் 55 விழுக்காட்டோடு வெளியே வந்தால், நாம் எந்தக் கதவுக்காக இந்தச் சுற்றுவழியில் போகிறோமோ அந்தக் கதவே அடைபட்டுவிடும். எதில் அவள் மதிப்பெண் குவிப்பாளோ அதுவே சரியான பட்டம். இன்னொன்று, சற்றுக் கசப்பானது: வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேரும் முதல் சில ஆண்டுகளில் கைக்கு வருவது பேருந்துச் செலவுக்கே சரியாக இருக்கும். நீதிபதித் தேர்வு எழுத நினைத்தாலும், மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் மீண்டும் விதித்திருக்கிறது. தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கியிருந்தால், அந்த ஆண்டுகளில்தான் வட்டி கழுத்தைப் பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா, நன்றி அம்மா. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியலில் 91 வாங்கியவள், ஆங்கிலத்தில் 58தான். அப்பாவிடம் இன்றிரவு பேசிவிட்டு, நாளை பி.காமுக்கே சான்றிதழ்களைக் கொடுக்கப் போகிறோம். பட்டம் முடிந்ததும் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று தங்கை இப்போதே வாக்குறுதி கேட்கிறாள். அதற்கு அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் என் பொறுப்பு.