தெற்குத்தெரு சொந்தங்கள் குழு: சட்டியைப் போடவா, வேண்டாமா?

அத்தை: (பகிரப்பட்ட செய்தி) “அலுமினியம் விஷம்! இன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள்!!”

அத்தை: பழைய இரும்புக்காரர் வாசலில் நிற்கிறார். கூட்டாஞ்சோற்றுச் சட்டியைப் போட்டுவிடவா?

தம்பி: அப்படியே குடத்தில் போட்ட படிகாரத்தையும் போட்டுவிடுங்க அத்தை. அதிலும் அலுமினியம்தான் 😄

அத்தை: ஏல, விளையாடாத. ஐப்பசி மழையில் ஆற்றுத் தண்ணீர் ஒரே கலங்கல் என்று காலையில்தான் போட்டேன். எல்லோரும் குடித்தாயிற்றே!

மதினி: பதறாதீங்க அத்தை. படிகாரத்தை இரும்புக்காரர் வாங்குவாரா? மாட்டார். சட்டி உலோகம், 660 டிகிரியில் உருக்கி மறுபடி சட்டியாக்கலாம். படிகாரம் உப்பு. சுட்டால் பொரிந்து உப்பும், அவ்வளவுதான்.

மதினி: தண்ணீரில் கரைந்ததும் பஞ்சு மாதிரி அலுமினியம் ஹைட்ராக்சைடு உண்டாகும். அது சேற்றைச் சேர்த்துக்கொண்டு அடியில் படியும். தெளிவை இறுத்துக் காய்ச்சிக் குடிங்க, படிகாரத்தை நம்பிக் கிருமியை விட்டுவிடக் கூடாது.

மாமா: நெஞ்செரிச்சலுக்கு நான் குடிக்கும் வெள்ளை மருந்திலும் அந்தப் பெயர் போட்டிருக்கிறதே?

மதினி: அதேதான் மாமா. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. உடம்பில் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்.

சித்தப்பா: காருகுறிச்சி மண்சட்டி இருக்கும்போது இந்தப் பேச்செல்லாம் எதற்கு?

தம்பி: களிமண்ணிலும் அலுமினியம் உண்டு சித்தப்பா 🙈

மதினி: உண்டு. சிலிக்கனோடும் ஆக்சிஜனோடும் இறுகிக் கிடக்கிறது, புளிக்கெல்லாம் லேசில் அசையாது. கெம்புக்கல்லே அலுமினியம் ஆக்சைடுதான்.

சித்தி: யாரும் என் தோட்டை இரும்புக்காரரிடம் காட்டாதீங்க!

அத்தை: அவர் அவசரப்படுத்துகிறார். சட்டி???

மதினி: சட்டிக்கும் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு, அதுதான் காவல். புளி அதை அரிக்கும். கறுத்த சட்டியில் புளித்தண்ணீர் கொதிக்கவிட்டால் பளபளவென்று ஆகுமே, அரிபட்டதெல்லாம் அந்தத் தண்ணீருக்குள்தான். குழம்பானாலும் அதே கதை. சோறு வடிக்க வைத்துக்கொள்ளுங்க. கூட்டாஞ்சோறு, புளிக்குழம்பு மட்டும் வேண்டாம்.

அத்தை: சரி, சட்டியைக் கொடுக்கவில்லை. நின்ற மனிதரைச் சும்மா அனுப்ப வேண்டாமே என்று மூலையில் கிடந்த சைக்கிள் பம்பைப் போட்டேன்.

தம்பி: அத்தை, அது என் பம்பு!!