கூடு இருக்கும் சரிவுக்கு முப்பது பேர் போகலாமா?

தூங்குமூஞ்சி மரத்தடி:
பினாங்கில் நம் வளாகத்துச் சனிக்கிழமைப் பறவை நடைக்கு வரும் எல்லோருக்கும் வணக்கம். நேற்று 34 பேர் வந்திருந்தோம். ஆரம்பத்தில் ஏழெட்டுப் பேர்தான் வருவோம், அதனால் கூட்டத்தைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் திடலுக்குப் பின்னால் உள்ள மணல் சரிவில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மண்ணில் வளை தோண்டிக் கூடு வைக்கும் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் பிப்ரவரியில் அங்கே வந்து சேர்ந்தன. இப்போது மே மாதம், வளைக்குள் குஞ்சுகள் இருக்கின்றன. நேற்று நாம் சரிவின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பறவை அலகில் தட்டாம்பூச்சியோடு மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது. கிளம்பும், வளைக்கு மேலே ஒரு வட்டமடிக்கும், திரும்ப அதே இடத்தில் போய் உட்காரும். தட்டானின் ஒரு இறக்கை மட்டும் அலகுக்கு வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. கடிகாரத்தைப் பார்த்தேன், 11 நிமிடம் ஆகியிருந்தது. நாம் நகர்ந்த பிறகுதான் அது உள்ளே போனது.

ஆகஸ்ட் கடைசி வரை சரிவுப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கோரிக்கை. நடைக்கு 12 பேருக்கு மேல் வேண்டாம் என்பதும்.

பழைய மாணவி:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அந்தச் சரிவை நிரவிப் புல் போட வண்டி வந்தது உங்களுக்குத் தெரியாது, அப்போது நீங்கள் இங்கே இல்லை. ஒரு சனிக்கிழமை நடைக்குப் போனவர்கள் பார்த்துவிட்டு, மேற்பார்வையாளரைக் கூட்டிவந்து பைனாகுலரைக் கையில் கொடுத்தோம். அந்த மனிதர் அதுவரை அது எலி வளை என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு பறவை உள்ளே நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகு, வேலையைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார். அப்புறம் அந்த வேலை நடக்கவே இல்லை.

சரிவு இன்றைக்கு இருப்பதே ஆட்கள் அங்கே வாராவாரம் போய் நின்றதால்தான். நான்கு மாதம் யாரும் போகவில்லை என்றால், அடுத்த வண்டி வரும்போது கேட்க அங்கே யார் இருப்பார்?

பாயான்பாரு லென்ஸ்:
அக்கா சொல்வதுதான் சரி. 11 நிமிடத்தில் எந்தக் குஞ்சும் செத்துவிடாது. மலாக்கா நீரிணைக் கரையில் உள்ள தஞ்சோங் துவானில் 2000ஆம் ஆண்டிலிருந்து மார்ச் மாதம் பருந்து பார்க்க எவ்வளவு கூட்டம் கூடுகிறது! ஒரு பறவையாவது வராமல் நின்றுவிட்டதா? நான் 600 மில்லிமீட்டர் லென்ஸோடு தூரத்தில்தான் நிற்கிறேன். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பாதிப் பேர் நடைக்கே வந்தார்கள்.

தூங்குமூஞ்சி மரத்தடி:
தஞ்சோங் துவானை இதோடு ஒப்பிட முடியாது அண்ணே. அங்கே வருகிற தேன்பருந்துகள் வடக்கே போகிற வழியில் சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வருகின்றன. அவை மிதந்து பறக்க உதவும் வெப்பக்காற்று கடலுக்கு மேல் அவ்வளவாக எழும்பாது என்பதால் குறுகலான இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம், அவை தலைக்கு மேலே போய்விடுகின்றன. அங்கே அவற்றுக்குக் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை.

பஞ்சுருட்டான் முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. முதல் குஞ்சு வளர்ந்துவிடும், கடைசிக் குஞ்சு நோஞ்சானாக இருக்கும். குஞ்சுகளின் அலகு நுனியில் ஒரு கொக்கி உண்டு. இரை குறைந்தால் பெரியவை சின்னதைக் கொத்தும். 11 நிமிடத்தில் எல்லாக் குஞ்சும் சாகும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணி நேரம் வீதம் அந்தக் கடைசிக் குஞ்சின் பங்கை எடுத்துக்கொள்கிறோம் என்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் ஏரிப் பக்கம் யாரோ போனில் வண்ணாத்திக் குருவியின் குரலைப் போட்டார்கள். அங்கே இருந்த ஆண் குருவி வாலைத் தூக்கிக்கொண்டு, எதிரி வந்துவிட்டான் என்று கிளை கிளையாகத் தேடியது. ஐந்து முறை போட்டார்கள், அதுவும் ஐந்து முறை தேடியது. படம் நன்றாக வந்தது உண்மைதான். ஆனால் இனி அப்படிக் குரல் போட வேண்டாம்.

செம்பனைத் தோட்டத்தான்:
நான் கெடாவில் தோட்டத்தில் வளர்ந்தவன். எலியை ஒழிக்க நிர்வாகம் செம்பனை மரங்களுக்கிடையே கம்பம் நட்டு, கூகைக்குப் பெட்டி வைத்தது. அதுவரை கூகை கத்தினால் சாவு விழும் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லோரும் கல்லெறிவார்கள். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் அப்பாவுக்குக் கிடைத்தது. என்னையும் கூட்டிப்போவார். தூரத்தில் நின்று, கூகை கக்கிக் கீழே விழுந்து கிடக்கும் எலி எலும்புக் கட்டிகளைப் பொறுக்கச் சொல்வார். முட்டை இருக்கிற காலத்தில் ஏணி வைக்கவே விடமாட்டார். ஒரு தடவை மேலாளர் விருந்தாளிகளோடு வந்து பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னபோதும் மறுத்துவிட்டார். தோட்டத்தில் மேலாளருக்கு மறுப்புச் சொல்வதென்றால் என்ன என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் கூட்டை விட்டுத் தள்ளி நிற்பதில் தம்பி பக்கம் நான். ஆனால் 12 பேர் என்ற கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா என்னைக் கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் நானும் கல்லெறிந்துகொண்டுதான் இருந்திருப்பேன்.

முதலாமாண்டு:
நான் மூன்று தடவைதான் வந்திருக்கிறேன், பேசலாமா தெரியவில்லை. 12 பேர் என்று வைத்தால் வாட்ஸ்அப்பில் முதலில் பெயர் கொடுக்கிறவர்கள்தான் வருவார்கள். அவர்கள் எப்போதும் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள். என்னைப் போன்றவர்களுக்கு அந்த நேரத்தில் வகுப்பு இருக்கும், பெயர் கொடுப்பதற்குள் பட்டியல் முடிந்துவிடும்.

நேற்று என் அம்மாவும் வந்தார். பட்டர்வொர்த்திலிருந்து விடிவதற்குள் கிளம்பி ஃபெர்ரி பிடித்து வந்தோம். அம்மாவுக்கு இத்தனை நாளும் காக்கா, மைனா, புறா தெரியும், மற்றதெல்லாம் குருவிதான். நேற்று மாங்குயிலைப் பார்த்துவிட்டு, இது நம் வீட்டுப் பின்னால் கத்துகிற பறவையா என்று கேட்டார். இன்று காலையில் எனக்கு முன்னால் எழுந்து ஜன்னலில் நின்றார். அந்த 34 பேரில் எந்த 22 பேரை நிறுத்துவீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தூங்குமூஞ்சி மரத்தடி:
தங்கச்சி, இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 12 என்று சொன்னது தவறு, எடுத்துவிடுகிறேன். கூட்டம் பெரிதாக இருக்கிற வாரம் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1884இலிருந்து இருக்கிற பூங்கா, அங்கே பறவைகளுக்கு மனித நடமாட்டம் பழகிப்போயிருக்கிறது. சரிவுக்குப் போவதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பழைய மாணவி:
தண்ணீர்மலைக்குப் போனால் வளாகத்துக் கணக்கு என்ன ஆவது? ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பாதை, அதே ஏழரை மணி, அதே இரண்டு மணி நேரம் நடந்து பறவை எண்ணிக்கையைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் பட்டியல் போடுகிறோம். பாதை மாறாததால்தான் இந்த வருஷம் பறவை கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடிகிறது. இப்போதிருந்து ஆகஸ்ட் வரை சரிவை விட்டுவிட்டால், அவை இங்கே இருக்கிற மாதங்களின் கணக்குத்தான் போகும். செப்டம்பரில் அவை சுமத்திராப் பக்கம் போன பிறகு காலி வளையை எண்ணுவதா? அடுத்த முறை யாராவது நிரவ வந்தால் நான் காட்டப்போவது அந்த எண்ணைத்தான். என் கண்ணீரைப் பார்த்து யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள்.

தூங்குமூஞ்சி மரத்தடி:
எண்ணுவதற்குச் சரிவின் அடியில்தான் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது அக்கா? சிற்றுண்டிச்சாலை மாடி நடைபாதையிலிருந்து கம்பியும் சரிவும் நேராகத் தெரிகின்றன. சுமார் 60 மீட்டர் இருக்கும். கம்பியில் உட்காருகிறவற்றையும் வளைக்குள் நுழைகிறவற்றையும் அங்கிருந்தே எண்ணலாம்.

பாயான்பாரு லென்ஸ்:
60 மீட்டரில் என் படத்தில் பறவை கடுகளவுதான் இருக்கும். சரி, படத்தை விடுங்கள். இடத்தை வெளியே சொல்லக்கூடாது என்று அடுத்து சொல்வீர்கள். பஞ்சுருட்டானை யாரும் கூண்டில் வளர்ப்பதில்லை, பறக்கிற பூச்சியைத் தின்கிற பறவையை எப்படி வளர்ப்பது?

செம்பனைத் தோட்டத்தான்:
பஞ்சுருட்டானைப் பிடிக்கமாட்டார்கள், சரி. ஆனால் பேஸ்புக்கில் இடம் போடும் பழக்கம் ஒரு பறவையோடு நிற்காது தம்பி. எங்கள் தோட்டத்து ஆற்றங்கரையில் பாராவ்-பாராவ் என்ற பறவை விடியற்காலையில் ஜோடியாகப் பாடும். பாட்டுக்காகவே அதைப் பிடித்துப் பிடித்து, 2018இல் உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள பறவை என்று பட்டியலிட்டார்கள். ஐந்து வருஷமாக ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த ஆற்றங்கரையில் போய் நிற்கிறேன். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கிறது. நாளைக்கு நம் ஏரிக்கரைக்கு, அதேபோல் பாட்டுக்காகப் பிடிக்கப்படும் முராய் பத்து ஒன்று வந்தால், அதையும் இடத்தோடு போடுவீர்களா?

பாயான்பாரு லென்ஸ்:
போடமாட்டேன் ஐயா. சரிவுப் படங்களிலும் பின்னால் கட்டடம் தெரிகிறவற்றை இன்றே எடுத்துவிடுகிறேன். ஆனால் சனிக்கிழமை மாடியிலிருந்து பார்த்துவிட்டுத்தான் மற்றதை ஒப்புக்கொள்வேன்.

முதலாமாண்டு:
இன்று காலை நானும் லென்ஸ் அண்ணனும் மரத்தடி அண்ணனும் நடைபாதையிலிருந்து அரை மணி நேரம் பார்த்தோம். கம்பியில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 9. வளைக்குள் நுழைந்தது 14 முறை. இரையோடு வந்தவற்றில் எதுவும் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கவில்லை. ஒன்று தேனீயைப் பிடித்து வந்து, கம்பியில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை எடுத்துவிட்டு உள்ளே கொண்டுபோனதைப் பார்த்தேன். போன வாரம் கீழே நின்றபோது இதைப் பார்க்கவே இல்லை.

பழைய மாணவி:
14 நல்ல எண்ணிக்கை. கீழே நின்று நான் எழுதிய எந்த வாரத்திலும் அரை மணி நேரத்தில் இவ்வளவு வந்ததில்லை, நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சரி, நடைபாதைக்கே போவோம். ஆனால் வளாகத்தைவிட்டு வேறு இடம் போவதை நான் ஏற்கவில்லை, ஆள் கூடினால் இரண்டு பிரிவாகப் போகலாம். சரிவை மேற்பார்வையாளரிடம் மாதம் ஒருமுறை காட்டும் வேலையும் என்னுடையது. அதற்கு நான் ஒருத்தி மட்டும் கீழே போவேன்.

அடுத்த சனி ஏழரைக்கு நூலகப் படிக்கட்டில். முக்காலியோடு என் பழைய தொலைநோக்கியைக் கொண்டுவருகிறேன், லென்ஸ் தம்பி மாடிக்குத் தூக்கித் தர வேண்டும். அம்மாவை மறுபடியும் கூட்டிவாம்மா. உட்கார்ந்தபடியே பார்க்கிற மாதிரி தாழ்த்தி வைக்கிறேன்.