பால் ஊற்றும் பெண்ணின் எதிரே

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்துக்குப் போனதே டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பணிப்பெண் படத்தைப் பார்க்கத்தான். உயரம் 45 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கூட்டம் விலகி முன்னால் இடம் கிடைத்ததும் போய் நின்றேன், அப்புறம் அங்கிருந்து நகர மனமே வரவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருக்கிறாள், முழங்கைப் பக்கம் வெளுப்பாக இருக்கிறது, மணிக்கட்டிலிருந்து விரல் வரை வெயிலும் வேலையும் பட்டுக் கறுத்துச் சிவந்திருக்கிறது. இதையெல்லாம் 1658 வாக்கில் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்! சுவரில் ஒரு ஆணி, அதற்கு நிழல், பக்கத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள்.

தலைக்குப் பின்னால் ஜாடிகள் மாட்டும் பலகையும் கீழே தணல் வைத்துத் துணி காயவைக்கும் நெருப்புக் கூடையும் முதலில் வரைந்துவிட்டுப் பிறகு வெர்மீரே மறைத்துவிட்டார் என்று 2022-இல் மியூசியத்தார் ஆராய்ந்து சொன்னார்கள். நல்ல வேளை. அவை இருந்திருந்தால் கண் அந்தப் பால் இழையில் இப்படி நிலைத்திருக்காது.

அதே மியூசியத்தில் ஆண்ட்வெர்ப் ஓவியர் பூக்கெலார் 1566-இல் வரைந்த சமையலறையும் உண்டு. முன்னால் இறைச்சியும் கோழியும் காய்கறியுமாகக் குவிந்து கிடக்கிறது, பின்னால் தூரத்தில் சின்னதாக இயேசு, மார்த்தாள், மரியாள். பைபிள் கதையில் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாளுக்குத்தான் பாராட்டு, அவள் அக்கா மார்த்தாளுக்கு வேலை. இங்கே அந்த வேலைதான் படத்தின் முக்கால்வாசி, எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

---

அக்கா, இதைப் படித்ததும் லண்டன் நேஷனல் கேலரியில் பார்த்த ஒரு படம் ஞாபகம் வந்துவிட்டது. ரெம்பிராண்டின் மாணவர் நிக்கோலாஸ் மாஸ் 1655-இல் வரைந்தது, பெயர் ‘சோம்பேறி வேலைக்காரி’. கழுவாத பாத்திரங்கள் தரையெல்லாம் கிடக்க, ஒரு பெண் கன்னத்தில் கை வைத்தபடி தூங்கிப் போயிருக்கிறாள், பின்னால் பூனை ஒன்று உரித்த கோழியைக் கவ்வுகிறது, வீட்டு எஜமானி நம்மைப் பார்த்துச் சிரித்தபடி ‘பாருங்கள் இவளை’ என்பது போலக் கை காட்டுகிறாள்.

படிக்கிற காலத்தில் அந்த ஊரில் ஒரு ஹோட்டலில் ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்ததற்கு முந்தின நாள் வேலை முடிய மணி இரண்டு. எனக்கு அவள் சோம்பேறியாகத் தெரியவில்லை அக்கா, பின்னறையில் ஆட்கள் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறார்கள், அந்தத் தட்டுகளும் இவளிடம்தான் வரும்.