புதுப்பிப்பு: பாப்பா பேர்ல அக்கவுண்ட் திறந்தாச்சு

ரெண்டாவது பாப்பாவுக்கு எந்த அக்கவுண்ட் நல்லதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மொதல்ல சிடிஏ (சிங்கப்பூர் அரசாங்கத்தோட பிள்ளை மேம்பாட்டுக் கணக்கு) தான் திறந்தோம். அரசாங்கமே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டுடுது, அதுக்கு மேல நாம போடுற ஒவ்வொரு வெள்ளிக்கும் இன்னொரு வெள்ளி, ரெண்டாவது பிள்ளைன்னா 7,000 வரைக்கும், எந்த பேங்க் வட்டியும் இதுகிட்ட நிக்காது, அதனால கையில இருக்கிற காச மொதல்ல இங்க போடுங்க. கேஷா எடுக்க முடியாது, சைல்ட்கேர் ஃபீஸ், கிளினிக், ஆஸ்பத்திரி மாதிரி செலவுக்குத்தான். மிஞ்சுனா பின்னாடி பிஎஸ்இஏவுக்கு (உயர்நிலைப் பள்ளிக்கு அப்புறம் படிக்கிறதுக்கான அக்கவுண்ட்) போயிடும், பாலிடெக்னிக் படிக்க ஆகும்.

பேர் வைக்கிற அன்னிக்கு அத்தை மஞ்சள் தடவிய கவர்ல கொடுத்த 501 வெள்ளிய மட்டும் பிஓஎஸ்பி பேங்க்ல தனி சேவிங்ஸா போட்டிருக்கோம். அவசரத்துக்கு எடுக்கிற மாதிரி கொஞ்சம் வெளிய இருக்கணும்ங்க.